பதினெட்டில் ஒரு கேள்வி: அகிதாவின் கிராமத் தொடக்கப்பள்ளிகள் முதலிடத்துக்கு வந்த விதம்

ஜப்பானில் 2007 ஏப்ரல் 24 அன்று ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஒரே வினாத்தாள் கொடுக்கப்பட்டது. நாடு தழுவிய அளவில் இப்படியொரு தேர்வு நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அக்டோபரில் முடிவு வந்தபோது 47 மாகாணங்களின் பட்டியலில் தலைமாட்டில் இருந்தது தோக்கியோவோ ஒசாகாவோ அல்ல. வடகிழக்கே ஜப்பான் கடலை ஒட்டி, குளிர்காலம் முழுக்கப் பனியில் புதைந்து கிடக்கும் அகிதா. நெல் வயலும் காடும் நிறைந்த, தனிநபர் வருமானத்தில் நாட்டின் கீழ் வரிசையில் இருக்கும் மாகாணம். 1960களில் நடந்த பழைய தேர்வில் இதே அகிதா கடைசி வரிசையில் இருந்தது என்பதால் செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அகிதாவின் சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் பார்வையாளர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். சிலர் காலை உணவு என்றார்கள், சிலர் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி என்றார்கள், இன்னும் சிலர் சிறிய வகுப்புகள் என்றார்கள். காரணங்களை எடைபோடுவதற்கு முன்னால் அந்த மதிப்பெண் எவ்வளவு பெரியது என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலான கட்டுரைகள் அதைச் செய்வதில்லை.

மதிப்பெண் எவ்வளவு பெரியது

தேர்வு அப்போது இரண்டு பகுதிகளாக இருந்தது. ‘ஏ’ தாள் அடிப்படை அறிவைச் சோதிப்பது. ‘பி’ தாள் அந்த அறிவைப் பயன்படுத்தத் தெரியுமா என்று பார்ப்பது. (2019 முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.) 2007ஆம் ஆண்டின் மொழிப்பாட ‘ஏ’ தாளில் 18 கேள்விகள். நாட்டின் சராசரி 81.7 விழுக்காடு; அதாவது ஒரு குழந்தை ஏறத்தாழ 14.7 கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதியது. அகிதாவின் சராசரி 86 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. கணக்குப் போட்டால் பதினைந்தரைக் கேள்வி. நாட்டிலேயே முதல் என்று கொண்டாடப்பட்ட மாகாணத்துக்கும் நாட்டின் சராசரிக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கேள்விக்கும் குறைவு. மற்ற மாகாணங்களின் நிலையும் இதுதான். பெரும்பாலானவை தேசிய சராசரிக்கு மேலும் கீழும் ஐந்து புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் இது ஒன்றுமே இல்லையே’ என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியல்ல. சராசரியில் முக்கால் கேள்வி கூடுவதற்கு வழி இரண்டு. எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக எழுதலாம். அல்லது, நன்றாக எழுதுகிறவர்கள் அப்படியே இருக்க, கடைசியில் நிற்கிறவர்கள் தொகை குறையலாம். எட்டு ஒன்பது கேள்விகளோடு நின்றுவிடும் குழந்தைகளில் பாதிப் பேர் பதின்மூன்று, பதினான்குக்கு வந்துவிட்டால் சராசரி தானாக ஏறும். அகிதாவில் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அங்கே மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த குழந்தைகளின் பங்கு நாட்டின் மற்ற பகுதிகளைவிடக் குறைவு என்பதைத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தவர்கள் பலரும் கவனித்திருக்கிறார்கள். அகிதாவில் மேதைகள் கூடுதலாக இல்லை. கைவிடப்பட்ட குழந்தைகள் குறைவாக இருந்தார்கள். இந்தக் கட்டுரை சுற்றிச் சுற்றி வரப்போவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

அதே ஆண்டுத் தேர்வில் இன்னொரு கேள்வியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கணித ‘ஏ’ தாளில் ஓர் இணைகரத்தின் அடிப்பக்கமும் உயரமும் கொடுத்துப் பரப்பு கேட்டிருந்தார்கள். நாட்டில் 96 விழுக்காட்டுக் குழந்தைகள் சரியாக எழுதினார்கள். ‘பி’ தாளில் ஒரு வரைபடம் வந்தது. தெருக்களுக்கு இடையே இரண்டு பூங்காக்கள், அவற்றில் ஒன்று இணைகரம். எது பெரியது, ஏன் என்று எழுத வேண்டும். படத்தில் தேவைப்படாத நீளங்களும் சேர்ந்தே கிடந்தன. எது உயரம் என்று குழந்தைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதே சூத்திரம், அதே வடிவம். சரியாக எழுதியவர்கள் 18 விழுக்காடு. சூத்திரம் மனப்பாடமாக இருப்பதற்கும் தெருவில் கிடக்கும் வடிவத்தில் அதை அடையாளம் காண்பதற்கும் நடுவே நாட்டின் முக்கால் பங்குக் குழந்தைகள் தடுமாறி விழுந்தார்கள். வகுப்பறையில் எதை மாற்றினால் இந்தப் பள்ளம் நிரம்பும் என்பதுதான் ஜப்பானில் அப்போது எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. தேர்வே அதற்காகத்தான் திரும்பி வந்தது. ‘பிசா’ பன்னாட்டுத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 2000இல் எட்டாம் இடத்தில் இருந்த ஜப்பான், 2003இல் பதினான்காம் இடத்துக்கு இறங்கியதில் அமைச்சகம் ஆடிப்போயிருந்தது.

ஒரு சிற்றூரை வரிசைப்படுத்த முடியுமா

அகிதாவின் தென்கிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே ஹிகாஷிநருசே என்றொரு சிற்றூர். மக்கள்தொகை 2,600ஐச் சுற்றி. பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் காடு. ஒரே ஒரு தொடக்கப்பள்ளி, ஒரே ஒரு நடுநிலைப்பள்ளி. அகிதா நாட்டில் முதலிடம் என்றால், அகிதாவுக்குள்ளேயே மேல் வரிசையில் இருப்பது இந்த ஊர் என்று பெயராகிவிட்டது. ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் வந்துபோன பார்வையாளர் கூட்டம் வேடிக்கையான அளவுக்குப் பெரியது.

இப்படிப்பட்ட ஊரில் ஆறாம் வகுப்பில் இருபது குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டுக் கேள்விகளில் பதினைந்து எழுதக்கூடிய ஒரு குழந்தை, ஏதோ காரணத்தால் ஒன்பதோடு நின்றுவிட்டால் வகுப்பின் சராசரி 1.7 புள்ளி இறங்கும். அப்படி மூன்று பேர் என்றால் ஐந்து புள்ளி. முதலிடத்துக்கும் தேசிய சராசரிக்கும் இடையே இருந்த முழுத் தூரமும் மூன்று குழந்தைகளின் அன்றைய நிலைமைக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒரு வீட்டில் அந்த வருடம் பெரிய துக்கம், ஒருவர் அப்போதுதான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர். போதும், பட்டியல் தலைகீழாகிவிடும். தொடக்கப்பள்ளியில் ஒரே ஆண்டு மதிப்பெண்ணை வைத்துச் சிற்றூர்களை வரிசைப்படுத்துவது பகடை உருட்டிப் பார்த்துவிட்டுப் பகடைக்குப் பரிசு கொடுப்பது போன்றது. ஆயினும் 2008 இறுதியில் அகிதாவின் அப்போதைய ஆளுநர் ஊர்வாரியான மதிப்பெண்களை வெளியிட்டார். கல்வி அமைச்சகத்துக்கு அதில் விருப்பமில்லை, ஊர்களின் கல்வி வாரியங்களுக்கும் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் நடந்த தேர்வின் முடிவு மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருபது பேர் எழுதிய தேர்வின் சராசரியை ஊரின் பெயரோடு அச்சிட்டால் தெரியவருவது என்ன என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

ஆகவே இந்த ஆய்வில் என்னைப் பொறுத்தவரை எடை உள்ளது ஊரின் எந்த ஓர் ஆண்டு எண்ணும் அல்ல. மாகாணம் முழுவதும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் எழுதி, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த முடிவு மேல் வரிசையை விட்டு இறங்கவில்லை. குழந்தைகள் ஆண்டுதோறும் புதியவர்கள்; நிலைத்து நின்றது பள்ளிகள் செய்த வேலை.

எளிதாகக் கிடைக்கும் காரணங்கள்

அகிதாக் குழந்தைகள் சீக்கிரம் தூங்கி எழுகிறார்கள், காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், பல வீடுகளில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழ்கிறது. தேர்வோடு சேர்த்து நடத்தப்படும் கேள்விப்பட்டியலில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன, பொய்யில்லை. ட்யூஷன் விஷயம் இன்னும் சுவையானது. நாட்டளவில் ஆறாம் வகுப்புக் குழந்தைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் தனிப்பயிற்சி மையங்களுக்குப் போகிறார்கள். அகிதாவில் அது கால்வாசி அளவே. பல சிற்றூர்களில் போவதற்கு மையமே கிடையாது. காசு கொடுத்து வாங்கிய மதிப்பெண் என்ற சந்தேகம் அதோடு விழுந்துவிடுகிறது.

ஆனால் தெற்கே எல்லையைத் தாண்டினால் யமகதா மாகாணம். அங்கேயும் அதே பனி, அதே நெல். மூன்று தலைமுறை வீடுகளின் பங்கில் நாட்டிலேயே முன்னணி. சிறிய வகுப்புத் திட்டத்தை 2002இலேயே தொடங்கி, வகுப்புக்கு 21 முதல் 33 பேர் என்று வரையறுத்த மாகாணமும் அதுதான். மதிப்பெண்ணோ தேசிய சராசரியை ஒட்டியே தங்கிவிட்டது. பாட்டியின் பராமரிப்பும் சிறிய வகுப்பும் மட்டும் போதும் என்றால் யமகதாவும் அகிதாவோடு தோளுரசி நின்றிருக்க வேண்டும். பார்வையாளர்கள் ஏன் இந்தப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள் என்பது எனக்குப் புரியாத புதிர்.

குடும்ப நிலையை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. 2013ஆம் ஆண்டுத் தேர்வோடு பெற்றோரிடமும் விவரம் கேட்டு, ஒச்சனோமிசு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். வருமானமும் பெற்றோர் படிப்பும் மிகக் குறைந்த பிரிவில் இருக்கும் குழந்தை தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீட்டில் படித்தாலும், மேல்நிலைப் பிரிவில் வீட்டில் புத்தகத்தையே தொடாத குழந்தையின் சராசரியை எட்டவில்லை. கடுமையாக உழைத்தால் எல்லாம் கைகூடும் என்று குழந்தைகளிடம் மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம். வருமானத்தில் பின்தங்கிய அகிதாவின் முடிவு கவனத்துக்குரியதாக ஆவது இந்தப் பின்னணியில்தான்.

பள்ளிக்குள் என்ன செய்தார்கள்

முதலில் அடித்தளம். இது அகிதாவின் கண்டுபிடிப்பு அல்ல, ஜப்பான் முழுமைக்கும் பொது. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் ஊரின் வரி வருமானத்தை நம்பி இல்லை. மூன்றில் ஒரு பங்கை மைய அரசும் மீதியை மாகாணமும் தருகின்றன. 2006க்கு முன் இது பாதிக்குப் பாதி. ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாற்றப்படுகிறார்கள், அதனால் நல்ல ஆசிரியர்கள் நகரத்திலேயே தேங்கிவிடுவதில்லை. ஒதுக்குப்புறப் பகுதிகளின் கல்விக்காக 1954இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளத்தில் 25 விழுக்காடு வரை கூடுதல் படி உண்டு. மலைக்கு நடுவே இருக்கும் பள்ளியில் ஆசிரியர் இல்லை, கட்டடம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லாத நிலையிலிருந்துதான் அகிதா தன் வேலையைத் தொடங்குகிறது. இந்த அடித்தளம் இல்லாத நாடுகள் அகிதாவின் நோட்டுப் புத்தகத்தை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை.

அதன் மேல் அகிதா வைத்தவை மூன்று நான்கு. நாடு முழுவதும் ஒரு வகுப்புக்கு 40 பேர் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த 2001இல், கீழ்வகுப்புகளிலிருந்து தொடங்கி 30 பேர் அளவிலான வகுப்புகளைத் தன் செலவில் கொண்டுவந்தது. 2002 முதல் மாகாணம் தானே ஒரு தேர்வை நடத்துகிறது. இது டிசம்பரில், நான்காம் வகுப்பிலிருந்தே. காலத்தைக் கவனிக்க வேண்டும். தேசியத் தேர்வு ஏப்ரலில் நடந்து முடிவு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். குழந்தை அடுத்த பாடங்களுக்குப் போய்விட்டிருக்கும். டிசம்பர்த் தேர்வின் முடிவோ கையில் இருக்கும்போதே அந்த வகுப்பு முடிய இன்னும் மூன்று மாதம் மிச்சமிருக்கிறது. பின்னங்களில் தடுமாறும் குழந்தையை அதே ஆசிரியர் அதே ஆண்டில் பிடித்துத் தூக்கிவிடலாம். தேர்வு என்பது தரவரிசைக்கான கருவி என்று பழகிப்போன கண்ணுக்கு இது சிறிய நிர்வாக விவரமாகத் தெரியும். நான் இந்த முழு விவகாரத்திலும் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2005இல் வந்தது இன்னொன்று. பாடம் நடத்துவதில் பெயர் பெற்ற ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியர் நாற்காலிக்கு அனுப்பாமல், வகுப்பறையிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கும் போய், அங்குள்ள இளைய ஆசிரியரோடு சேர்ந்து ஒரே வகுப்பில் பாடம் எடுப்பார்கள். ஒரு நாள் பயிற்சி முகாமில் திரை போட்டுக் காட்டுவது அல்ல இது. பக்கத்தில் நின்று செய்து காட்டுவது.

பாடவேளை 45 நிமிடம். அது நடக்கும் விதம் அகிதாவில் பள்ளிக்குப் பள்ளி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். முதலில் இன்று எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது ஒற்றை வரியில் கரும்பலகையில் ஏறும். அடுத்துக் கொஞ்ச நேரம் எல்லோரும் தனியாக யோசிக்க வேண்டும்; பேச்சு இல்லை. பிறகு பக்கத்தில் இருப்பவரோடும் சிறு குழுவிலும், கடைசியில் வகுப்பு முழுவதுமாகவும் பேச வேண்டும். விடை சரியா தவறா என்பதோடு பேச்சு நிற்காது, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் முழுவதும் கரும்பலகையில் எழுதியது அழிக்கப்படுவதில்லை. தவறான வழியும் அங்கேயே இருக்கும், அது எங்கே திசைமாறியது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பாடம் முடியும்போது பலகையை இடமிருந்து வலமாகப் படித்தால் அந்த 45 நிமிடத்தின் யோசனை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கடைசிச் சில நிமிடங்களில் ஒவ்வொரு குழந்தையும் தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் எழுதுகிறது. பூங்கா வரைபடக் கேள்வியில் எது உயரம் என்று தேடச் சொன்னால், தினமும் இப்படிப் பழகிய குழந்தைக்கு அது புதிய வேலையாக இருக்காது.

இனி நோட்டு. அகிதாவின் வீட்டுப்பாடத்தில் ஆசிரியர் கொடுக்கும் பயிற்சிகள் ஒரு பகுதிதான். இன்னொரு பகுதியைக் குழந்தையே தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் அதற்கெனத் தனி நோட்டு. பக்கத்தின் தலைப்பில் தேதி, தொடங்கிய நேரம், எதைப் படிக்கப் போகிறேன், ஏன் என்ற குறிப்பு. நடுவில் வேலை. வகுப்பில் தவறாகப் போட்ட கணக்கைத் திரும்பப் போடும் குழந்தை உண்டு. கடினமான சித்திர எழுத்துகளை வரிசையாக எழுதிப் பார்க்கும் குழந்தை உண்டு. வயலில் பார்த்த பூச்சியை வரைந்து பாகங்களைக் குறிக்கும் குழந்தையும் உண்டு. அடியில் இன்று எது தெரிந்தது, எது இன்னும் பிடிபடவில்லை என்று ஒரு வரி. காலையில் நோட்டு ஆசிரியர் மேசைக்கு வரும், மாலை வீடு திரும்புவதற்குள் சிவப்பு மையில் ஏதாவது எழுதப்பட்டுத் திரும்பிவிடும். ‘நன்று’ என்று முத்திரை குத்துவது கணக்கில் சேராது. மூன்றாவது வரியில் பின்னத்தின் பகுதியை ஏன் மாற்றினாய் என்பது போன்ற குறிப்பு, அதற்கு அடுத்த நாள் பக்கத்தில் குழந்தையின் பதில். நன்றாக அமைந்த பக்கங்களை நடைவழியில் ஒட்டுகிறார்கள். மற்ற குழந்தைகள் நின்று பார்த்து, அந்த முறையைத் தங்கள் நோட்டில் செய்து பார்க்கிறார்கள்.

வகுப்பில் பின்தங்கும் குழந்தை பொதுவாகக் கையைத் தூக்காது. கேள்வி கேட்காது. தேர்வு நாள்வரை அது தடுமாறுவதே யாருக்கும் தெரியாமல் போகலாம். நோட்டில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரே வகைக் கணக்கு மூன்று நாள் தொடர்ந்து தப்பாக வந்தால் நான்காம் நாள் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. பதினெட்டில் ஒன்பதோடு நின்றுவிடக்கூடிய குழந்தையைத் தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிடும் ஏற்பாடு இது. சராசரியில் ஏறிய முக்கால் கேள்வி பெரும்பாலும் இங்கிருந்து வந்தது என்றுதான் நான் கருதுகிறேன்.

ஒகினாவாவின் சோதனை

ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்குமா என்பதற்கு ஒரு சோதனையும் தற்செயலாக அமைந்தது. 2007 பட்டியலில் கடைசி இடம் ஒகினாவாவுக்கு. தெற்குக் கோடித் தீவுகள், வருமானத்தில் நாட்டின் அடிமட்டம், பனியே கிடையாது. (1960களின் தேர்வு நடந்தபோது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது.) 2009 முதல் இரு மாகாணங்களும் ஆசிரியர்களை மாற்றிக்கொண்டன. அகிதா ஆசிரியர்கள் ஒகினாவா வகுப்புகளில் பாடம் எடுத்தார்கள், ஒகினாவா ஆசிரியர்கள் அகிதாவின் பனியில் வேலை பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்கு எதுவும் அசையவில்லை. 2014இல் ஒகினாவாவின் தொடக்கப்பள்ளிகள் கடைசியிலிருந்து 24ஆம் இடத்துக்கு ஏறின.

இதை அகிதா முறையின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மாகாணங்கள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும் பட்டியலில் இரண்டு மூன்று புள்ளி ஏறினாலே இருபது இடம் தாண்டிவிடலாம். அதோடு, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை வைத்து வகுப்பு நேரத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற குறையும் ஒகினாவாவில் எழுந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இடம் இல்லை. இருந்தாலும் தாத்தா பாட்டியும் பனியும் காலை உணவுப் பழக்கமும் ஆசிரியர் மாற்றத்தோடு விமானம் ஏறிப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். போனது வகுப்பறைப் பழக்கம்தான்.

வினாத்தாள் பயிற்சி நாடு முழுவதும் தொற்றிய நோய். 2016 ஏப்ரலில் கல்வி அமைச்சகமே, மதிப்பெண்ணுக்காகப் பழைய தாள்களைக் கூட்டமாகப் போட வைப்பது தேர்வின் நோக்கத்தைக் கெடுக்கிறது என்று மாகாணங்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. இதைவிடக் கேவலமானதும் நடந்திருக்கிறது. தோக்கியோவின் அதாச்சி வட்டாரம் தானே நடத்திய தேர்வில், ஒரு தொடக்கப்பள்ளியின் ஆசிரியர்கள் தேர்வு நடக்கும்போதே குழந்தைகள் எழுதிய தவறான விடை மீது விரலால் சுட்டிக் காட்டியது 2007இல் வெளியே வந்தது. மேல் வரிசை மாகாணங்களில் ஒன்றான ஃபுகுயில் ஒரு சிறிய ஊரின் நடுநிலைப்பள்ளி மாணவர் ஆசிரியர்களின் தொடர் கடிந்துரைகளுக்குப் பின் 2017 மார்ச்சில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டு இறுதியில் மாகாணச் சட்டமன்றம், நாட்டின் முதல் மாகாணம் என்ற பெயரைக் காப்பாற்றும் அழுத்தம் ஆசிரியரையும் மாணவரையும் நசுக்குகிறது, கல்விப் போக்கை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அகிதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபுகுயைப் பற்றியும் நாலு வரி எழுதியாக வேண்டும். இரண்டும் ஒரே பட்டியலின் அதே மேல் படிகளில் இருந்தவை.

பிறகு

அகிதாவின் மேல் வரிசைக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள்? பல்கலைக்கழகம் போகிறவர்களின் விகிதத்தில் மாகாணம் தேசிய சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் இருந்த முன்னிலை பதினெட்டு வயதில் காணாமல் போகிறது. வீட்டு வருமானம், பக்கத்தில் கல்லூரி இல்லாதது, நுழைவுத் தேர்வுக்கான தனிப்பயிற்சி இல்லாதது என்று காரணங்கள் வரிசை கட்டுகின்றன. தொடக்கப்பள்ளி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அதற்கு மேல் இருக்கும் ஏணியை அது கட்ட முடியாது. கடைசிப் படிவரை ஏறியவர்களில் பலர் தோக்கியோவுக்கும் செந்தாய்க்கும் போய்த் திரும்பாதவர்கள். 1950களில் 13 லட்சத்தைத் தாண்டியிருந்த அகிதாவின் மக்கள்தொகை 2017இல் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கியது. முதியோர் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம், பிறப்பு விகிதத்தில் கடைசி. குழந்தையை வளர்த்துப் படிக்கவைக்கும் செலவு அகிதாவுக்கு, அதன் பலன் பெருநகரங்களுக்கு. இதைப் பள்ளியின் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் ஊர் அதைத் தன் தோல்வியாகத்தான் உணர்கிறது.

மதிப்பெண்ணும் முன்பு போல் இல்லை. மொழிப்பாடத்தில் அகிதா இன்னும் மேல் வரிசையில் இருந்தாலும், கணிதத்தில் தேசிய சராசரியோடு இருந்த இடைவெளி அண்மை ஆண்டுகளில் சுருங்கிவிட்டது. இஷிகாவாவும் தோக்கியோவும் முந்திக்கொண்டன. இதற்கு எளிய விளக்கம் தேடுகிறவர்கள் ஆசிரியர்களின் வயதைப் பார்க்கட்டும். குழந்தைகள் குறைந்துகொண்டே போனதால் அகிதா நீண்ட காலம் புதிய ஆசிரியர்களை மிகக் குறைவாகவே எடுத்தது. 2007இல் வகுப்பில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் நீண்ட அனுபவசாலிகள். அந்தத் தலைமுறை இப்போது கூட்டமாக ஓய்வு பெறுகிறது. அவர்கள் இடத்தை நிரப்பவோ ஆள் போதவில்லை. 2000இல் நாடு முழுவதும் ஒரு தொடக்கப்பள்ளி வேலைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் போட்டியிட்டார்கள். 2023இல் அது இரண்டே சொச்சம். அன்று வடிகட்டி எடுத்ததற்கும் இன்று கிடைப்பவரை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் வகுப்பறைக்குள் தெரியாமல் இருக்காது.

கூடவே நேரம். 2018இல் நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில் ஜப்பானியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். கலந்துகொண்ட நாடுகளில் மிக அதிகம் அதுதான். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று அரசும் பெற்றோரும் ஒப்புக்கொண்டபின், எதை விடுவது என்ற கேள்வி வருகிறது. சிவப்பு மை முதல் வரிசையில் நிற்கிறது. ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 35 பேர் வகுப்பில் அது தினமும் 70 நிமிடம். வேறு பாடங்கள், மதிய உணவு மேற்பார்வை, கூட்டங்கள் போக அந்த 70 நிமிடத்துக்கு நாளில் இடமே இல்லை. ஹிகாஷிநருசே அளவுள்ள ஊரில், இருபது பேர் வகுப்பில், 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் எந்த மதிப்பும் தராத அதே சிறிய எண்ணிக்கைதான் நோட்டைப் படித்து முடிக்க முடிகிற எண்ணிக்கையும். நாட்டில் ஒரு வகுப்பின் உச்ச வரம்பை 40இலிருந்து 35க்குக் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 2021இல் நிறைவேறியது, அதுவும் வகுப்பு வகுப்பாக 2025 வரை படிப்படியாக. நோட்டுக் கணக்கில் அது நாளொன்றுக்குப் பத்து நிமிட மிச்சம்.